செவலையின் காது

மாவ்பியில் சூசைராஜின் குதிரைகளையெல்லாம் சர்க்கார் சுடப் போகிறது என்று எங்கள் பபேடான் டீக்கடையில் அப்துல் ரவூப் சொன்னார். அவருக்குச் சொன்னது அரிசி லாரி ஓட்டுகிற கமால். கமாலுக்குச் சொன்னது யாரென்று தெரியவில்லை. மாவ்பி சந்தையில் பேசிக்கொண்டார்களாம்.

"மூக்குச் சீழ் நோயாம். ஒண்ணுக்கு வந்தா மிச்சத்தையும் சுட்டுப் புதைச்சிடுவாங்களாம். உங்க அத்தான்தானே அவரு?" என்றார் ரவூப்.

சூசைராஜ் என் அக்கா விக்டோரியாவின் புருஷன். அறுபத்தைந்தாம் வருஷம், மழை விட்டு, பர்மாக்காரர்களின் விளக்குப் பண்டிகைக்கு முதல் நாள் அது. என்னைப் போல வெளிநாட்டவர் அட்டை வைத்திருப்பவன் ஊர் விட்டு ஊர் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது. தங்கினால் போலீஸில் எழுதி வைக்க வேண்டும். ஏன் தங்கினாய் என்பதற்குப் பதில் வேண்டும். ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன்.

அத்தானுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. மகனையும் குமாஸ்தாவாக்கத்தான் பார்த்தார். மகன் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுப் பந்தயக் குதிரை லாயத்தில் போய்ப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அன்று முதல் அந்த லத்தி வாசனையிலேயே இருந்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கால் வீங்கிப் பந்தயத்துக்கு உதவாதென்று தள்ளிய ஒரு பெட்டைக் குதிரையை ஓட்டிக்கொண்டு மாவ்பிக்குக் குடிபோனார். அதுதான் செவலை. அது போட்ட குட்டிகள் வளர்ந்து இப்போது மொத்தம் ஐந்து உருப்படி. ரயிலடிக்கும் சந்தைக்கும் ஓடுகிற வண்டிக்காரர்கள் அவரிடம்தான் குதிரை வாடகைக்கு எடுப்பார்கள். தெரிந்தவர்களில் பாதிப்பேர் சொந்த ஊருக்குக் கப்பலேறிய பிறகும் அவர் ஏறவில்லை. "கப்பல்ல குதிரைக்கு டிக்கெட் உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ளே" என்பார் என்னிடம். நான் சிரிப்பேன். அவர் சிரித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லாயத்தில் மழைக்குப் பிந்தைய வேலை நடந்துகொண்டிருந்தது. குதிரைகளைப் புளியமரத்தடியில் கட்டிவிட்டு, நான்கு மாதம் ஊறிக் கறுத்த வைக்கோலை அக்கா கூடை கூடையாக வெளியே கொட்டினாள். ஈ அண்டாமல் இருக்கத் தேங்காய் மட்டை புகைந்தது. அத்தான் ஒரு குதிரையின் பின்னங்காலை மடியில் வைத்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். ஈரத்தில் ஊறிய குளம்பு சோப்புப் போலச் சீவல் சீவலாக வந்தது. எங்கே பார்த்தாலும் சேறு. இருந்தாலும் ஒரு குறையும் இல்லாத வீடு மாதிரிதான் தெரிந்தது.

ரவூப் சொன்னதைச் சொன்னேன். அத்தான் தலையை நிமிர்த்தவில்லை. செவலையின் இடது காதில் ஈ கடித்துப் புண்ணாகிச் சீழ் வந்ததாம். ரோடு தண்ணீரில் கிடந்ததால், மூன்று வாரத்துக்கு முன் பக்கத்திலிருந்த பீர் முகைதீன் மளிகைக் கடைக்குப் போய் மாட்டு டாக்டர் ஆபீஸுக்கு டெலிபோனில் சொன்னாராம். வந்து பார்க்கிறோம் என்றவர்கள் வரவில்லை. இவரே கற்பூரமும் வேப்பெண்ணெயும் விட்டு ஆற்றிவிட்டார். ஆபீஸ் பியூன் அன்று காலையில்தான் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனானாம்.

கடிதம் எங்கே என்றேன். தவிட்டுப் பீப்பாயின் மூடி மேல் கிடந்தது. அத்தானுக்கு பர்மா பேச்சு உண்டு, எழுத்து கிடையாது. நான் தமிழும் இங்கிலீஷும் படித்தவன். அந்த வட்ட வட்ட எழுத்துக்கு முன்னால் எனக்கும் கண் இல்லை. லூர்து வரட்டும் என்றாள் அக்கா. லூர்து அவர்கள் மகள், பதினாலு வயது, பர்மா பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பண்டிகைக்காக அன்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வந்தவள் நின்றபடியே படித்தாள். பிறகு தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

நாளைக் காலை ஏழு மணி, பண்டிகையானாலும். ஐந்து குதிரைகளும். குழியைச் சொந்தக்காரரே ஆறடி ஆழத்துக்கு வெட்டி வைத்திருக்க வேண்டும்.

அத்தான் குளம்பைக் கீழே விட்டார்.

"அப்பா, மூக்குல சீழ் வருதுன்னு நீங்களே சொன்னதா எழுதியிருக்கு."

"காதுன்னுதான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க? அவங்ககிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"நா."

லூர்து கண்ணை மூடிக்கொண்டாள். பர்மா பேச்சில் காதுக்கு 'நா'வை இழுத்துக் கீழே இறக்க வேண்டுமாம். மூக்குக்கு முதலில் மூக்கு வழியாக மூச்சைத் தள்ளி, அதற்குப் பிறகு 'நா' வர வேண்டுமாம். இரண்டையும் அவள் சொல்லிக் காட்டினாள். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. அத்தானுக்கும் அப்படித்தான். நேரில் என்றால் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பேசியிருப்பார். முப்பது வருஷமாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறார். டெலிபோனில் எதைத் தொடுவது? பக்கத்துக் கிராமத்தில் மூக்குச் சீழ் நோய் வந்திருந்த சமயம் அது. அந்தப் பக்கம் இருந்தவருக்கு மூக்கென்றே கேட்டிருக்கும்.

"என்கிட்டயும் இதே கதைதான். நான் காதுன்னா இவரு மூக்கைத்தான் பிடிப்பாரு" என்றாள் அக்கா. சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது. சொல்லிக்கொண்டே வைக்கோலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் வருகிறவர்களிடம் காதைக் காட்டினால் போதாதா என்று கேட்டேன். வருவது டாக்டர் இல்லை, துப்பாக்கிக்காரர் என்றார் அத்தான். அந்தக் கிராமத்து வண்டிக்காரர் காலில் விழுந்து பார்த்தாராம். காகிதத்தில் இருப்பதைத்தான் செய்ய முடியும் என்றார்களாம். அவர் பர்மாக்காரர், சொந்த நாட்டுக்காரர். நாங்கள் அட்டைக்காரர்கள், சர்க்கார் உத்தரவை மறித்து நின்றோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆபீஸ் மூடுகிற நாலு மணிக்குள் அங்கே யாரையாவது பிடித்து உத்தரவை மாற்ற வேண்டும். மணி இரண்டரை. ஆபீஸ் இன்செயின் பக்கம், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். பண்டிகைக் கூட்டத்தில் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை.

அத்தானும் லூர்துவும் நானும் பீர் முகைதீன் கடைக்குக் கிளம்பினோம். அக்கா மண்வெட்டியை எடுத்தாள்.

"வேணாம் விக்டோரியா."

"வெட்டலேன்னா அதுக்கும் ஒரு கேஸ் போடுவான். நீங்க போய்ப் பேசுங்க." புளியமரத்துக்கு அப்பால், மேட்டு நிலத்தில் அவள் முதல் வெட்டுப் போட்டாள். செவலை அதைப் பார்த்தபடி புல் மென்றுகொண்டிருந்தது.

பீர் முகைதீன் பாதிக் கதவை மூடியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டெலிபோனைத் துடைத்து முன்னால் நகர்த்தினார். "இந்தத் தடவை உம்ம வாயைத் திறக்காதேயும் சூசை. பிள்ளை பேசட்டும்" என்றார். அத்தான் தலையாட்டினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

எக்ஸ்சேஞ்சுப் பெண் இணைப்புக் கொடுத்தாள். அந்தப் பக்கம் வெகுநேரம் மணி அடித்துத் தானே நின்றது. மறுபடி கேட்டோம். கொடுத்தாள், நின்றது. எல்லாரும் பண்டிகைக்குப் போயிருப்பார்கள் என்று அவள் சொன்னதை லூர்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். காவல்காரர் இருப்பார், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவளிடம் கெஞ்சினாள். அப்படிக் கெஞ்சுவதற்கு பர்மா பேச்சில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன போலிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னாள். எக்ஸ்சேஞ்சுப் பெண் மறுபடி இணைத்தாள்.

மணி மூன்றே முக்கால். சந்தையிலிருந்து கிளம்புகிற என் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அத்தான் கடைக் கடிகாரத்தைப் பார்க்காமல் சர்க்கரை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று லூர்து ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.