தொங்கற் கணக்கு

தகரக் கூரைக்குக் கீழே பத்து மணி தாண்டினால் சிவப்புப் பேனையின் மை இளகி மணக்கத் தொடங்கும். அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால் மை அதன் கரையோடு ஒட்டி வந்து கொப்பியில் ஒரு வாலை விட்டுப்போகும். மீள்குடியேறி இரண்டாம் வருஷம், கிளிநொச்சியிலிருந்து உள்ளுக்குப் போகிற எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பில் கணக்கீடு எடுத்த பதினேழு பேருடைய விரல்களும் சிவப்பாய்த்தான் இருந்தன.

எனக்கு இலக்கம் ஓடாது, ஆனால் அந்தப் பாடத்தின் சொற்கள் வாயில் வைத்ததும் இனித்தன. "ஐயக் கடன்", "பெறுமானத் தேய்வு" என்று ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பாவித்துப் பார்ப்பேன். குசினியில் சட்டி ஓட்டையாகிவிட்டது என்று அம்மா முணுமுணுத்தால், "அது பெறுமானத் தேய்வு அம்மா" என்பேன். "உன்ர வாயிலை ஒண்டு போட்டனெண்டால் தேய்வு தெரியும்" என்பா அவா. சொன்னாலும் சிரிப்பா. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வேணும். ஆர் சிரித்தாலும் சரி, எதுக்குச் சிரித்தாலும் சரி.

ரீச்சர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவா. ஒருநாள் தொங்கற் கணக்கைப் படிப்பித்தா. பரீட்சை மீதி என்று ஒரு பட்டியல் போடுவோம். அதில் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் ஒரே தொகையில் வந்து நிற்க வேண்டும். "நிக்கேல்லை எண்டால் பேயறைஞ்ச மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது, பிள்ளையள். வித்தியாசத்தைத் தூக்கித் தொங்கற் கணக்கிலை போடுங்கோ. பிழையைக் கண்டுபிடிச்ச உடனை அந்தக் கணக்கை மூடுங்கோ" என்றா. எனக்குப் பக்கத்தில் இருந்த நிரோஜினிக்கு அது தேவைப்படாத பாடம்; அவளுடைய பரீட்சை மீதி முதல் தரத்திலேயே பொருந்திவிடும். அதைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன்.

அந்தக் கிழமையே, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கும் என்று படிவம் வந்தது. ரீச்சர் ஒவ்வொருவராய்க் கேட்டு நிரப்பிக்கொண்டு வந்தா.

"நிரோஜினி, அப்பா இருக்கிறாரோ, இல்லையோ?"

அவள் எழும்பி நின்றாள்.

"ரெண்டிலை ஒண்டைச் சொல்லுமன். நான் என்னத்தை எழுதுறது?"

போர் முடிந்த நாட்களில் அவளுடைய அப்பாவை ஆமிக்காரர் பஸ் ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவளுடைய அம்மாவைக் கேட்டால், "ஏத்தினதை நான் கண்ணாலை கண்டனான், இறக்கினதை ஒருதரும் காணேல்லை. காணாத ஆளை எப்பிடிச் செத்தவர் எண்டுறது?" என்பா. மரணப் பத்திரம் எடுக்கச் சொல்லிக் கந்தோர்க்காரர் வந்த போதெல்லாம் அவர்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, கையெழுத்து வைக்காமல் அனுப்பினவா. இது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. எனக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "ரீச்சர், தொங்கற் கணக்கிலை போடுங்கோ!"

வகுப்பு வெடித்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்துவிட்டு, "சீ, வாயை மூடு" என்றா. நிரோஜினி என்னைப் பார்க்கவில்லை. கொப்பியில் அரைவாசியில் விட்ட சிவப்புக் கோட்டை அடிமட்டம் வைத்து முடித்தாள்.

எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் வைப்பதைப் "பட்டம் தெளிக்கிறது" என்போம். தெளித்தால் தெளித்ததுதான், பிறகு வழித்தெடுக்க ஏலாது. அன்றிலிருந்து அவள் "தொங்கல்". காலையில் சைக்கிளை நிறுத்த முதலே, "தொங்கல், பிழை அம்பிட்டுதோ?" என்று ஒருத்தன் கேட்பான். "இன்னும் மூடேல்லையோடி?" என்று இன்னொருத்தி கேட்பாள். நான் கேட்கத் தேவையில்லை. ஆக்கியவள் நான் என்ற பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஒழுங்கையின் கடைசியையும் எங்கள் ஊரில் "தொங்கல்" என்றுதான் சொல்வோம். நிரோஜினியின் வீடு எங்கள் ஒழுங்கைத் தொங்கலில் இருந்தது. நாங்கள் அவளை அப்படிக் கூப்பிட்டதை ஒருநாள் அவளுடைய அம்மா கேட்டுவிட்டா. பேச்சு விழப்போகுது என்று நான் வேலியோடு ஒதுங்கினேன். அவாவோ, "வீடு தொங்கலிலை எண்டதுக்காகப் பிள்ளைக்குப் பட்டம் தெளிச்சிருக்கிறியளோ, குரங்குகளே" என்று விழுந்து விழுந்து சிரித்தா. அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகு காலம். பிறகு அவாவும் செல்லமாய்க் கூப்பிடத் தொடங்கினா. "எங்கட தொங்கல் வெளிக்கிட்டிட்டாள், நீ இன்னும் தலை இழுத்துப் பின்னேல்லையோ?" என்று என்னைப் படலையில் நின்று கேட்பா. நிரோஜினி தாயைத் திருத்தவில்லை. எதைச் சொல்லித் திருத்துவாள்?

தவணைப் பரீட்சையில் தொங்கற் கணக்கு வந்தது. அவள் அந்தக் கேள்விக்குரிய தாளை வெறுமையாய்க் கொடுத்தாள்.

அடுத்த தவணை தொடங்கி ஒரு திங்கட்கிழமை, கந்தோருக்குப் போகவென்று வைத்திருக்கிற சேலையில் அவளுடைய அம்மா வகுப்பு வாசலில் நின்றா. நிரோஜினி மடித்த பத்திரம் ஒன்றை ரீச்சரின் மேசையில் வைத்து, "படிவத்திலை அப்பாவைக் காலஞ்சென்றவர் எண்டு எழுதுங்கோ ரீச்சர்" என்றாள். வாசலில் நின்ற அம்மா, "மூண்டு நாள் பிள்ளை சாப்பிடேல்லை. கையெழுத்து வையுங்கோ எண்டு ஒரே பிடி. ஏனெண்டும் சொல்லுறாளில்லை. அதுதான் வைச்சனான்" என்றா, ஆரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

நிரோஜினி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "மூடியாச்சு. இனிக் கூப்பிடாதை" என்றாள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

தகரக் கொட்டில் போய் மாடிக் கட்டிடம் வந்துவிட்டது. ரீச்சர் ஓய்வு பெற்றுவிட்டா. நிரோஜினி வெளிநாட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்காளர். போன வருஷம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் அவளுடைய அம்மாவைக் கண்டேன். தெருவுக்கு அந்தப் பக்கம், காணாமல் போனவர்களின் படங்களோடு தாய்மார் இருக்கிற பந்தல். இவா இந்தப் பக்கத்து வாங்கில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அங்கை போய் இருக்கேல்லையோ, அன்ரி?"

"பத்திரம் எடுத்தவளை அவையள் ஒண்டும் சொல்லமாட்டினம், பிள்ளை. எனக்குத்தான் ஏலாது." பந்தலைப் பார்த்தபடியே, "உவள் அண்டைக்கு ஏன் அப்பிடிப் பட்டினி கிடந்தவள் எண்டு இண்டைக்கும் சொல்லுறாளில்லை. நீ பக்கத்திலை இருந்தனியெல்லே. உனக்குத் தெரியுமே?" என்றா.

சொன்னேன். பகிடி ஒன்றும் சேர்க்காமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான். அடிப்பா என்று நினைத்தேன்.

"அப்ப, வீடு தொங்கலிலை எண்டதுக்காகக் கூப்பிடேல்லையோ நீங்கள்?" என்றா. பிறகு, "நானும் கூப்பிட்டனானே" என்றா. பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அவர் வந்தால் எந்த அடையாள அட்டையைக் காட்டுவார், பிள்ளை?" என்று கேட்டா.

இந்த வருஷம் நிரோஜினி தாயைத் தன்னோடு கூப்பிட்டுவிட்டாள். வளவு விலைப்பட்டு, வீடும் இடிபட்டுவிட்டது. ஒழுங்கையில் இப்போது இருப்பவர்கள் எல்லாரும் பிறகு வந்த சனம். நிரோஜினியின் அப்பாவின் முகம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அவர் வந்து விசாரித்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். நீங்கள் செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும்.