நான் எழுதிய இரண்டு புரோநோட்டுகள்

அன்று ஆபீஸ் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கே பேர். நான், என் மனைவியின் அண்ணன் சூசை, அடுத்த வீட்டு நர்ஸ் ரெஜினா அக்கா, அபிவிருத்திக் கடன் கொடுக்கும் கன்னட அதிகாரி.

என் கையில் ஒரு மஞ்சள் பை.

ஸ்டவ் விற்கவும் ரிப்பேர் செய்யவும் மைசூரில் ஒரு சின்னக் கடை போட வேண்டும். நான் எழுநூற்றைம்பது ரூபாய் கைமுதல் காட்டினால் சர்க்கார் ஆயிரத்தைந்நூறு கடன் தரும். என் சேமிப்பு இருநூற்றைம்பது. அக்கா முந்நூறு, சூசை மச்சான் இருநூறு. பார்த்த வேலையை விட்டாயிற்று, கடைக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கடன் வராவிட்டால்...?

அதிகாரி பைக்குள்ளிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

"ஏன்ரீ இது... என்ன இது?"

"அவங்க ரெண்டு பேருக்கும் நான் எழுதிக் குடுத்த புரோநோட்டு சார். உங்களுக்குக் காட்டத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல சார். எனக்குத்தான் மனசு கேக்கல."

நாணயஸ்தன் என்று பாராட்டுவார் என நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் புத்தி வேறெப்படிப் போகும்? அவர் பைலை மூடினார்.

"அப்படின்னா இந்த ஐந்நூறும் சால... கடன். உங்க முதல் வெறும் இருநூத்தைம்பது. கடன் மேல கடன் கொடுக்க ஆகல்ல ரீ."

மச்சான் என்னை முறைத்தார். "உன்னை யாரு மாப்ள எழுதச் சொன்னது?"

"நான் நாளைக்கே செத்துப்போயிட்டா?"

"அதுக்குள்ள கடையே செத்துப்போச்சு!"

வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். அவர்கள் பங்குதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். லாபம் வந்தால் பங்கு. நஷ்டம் வந்தால் என்னிடம் கேட்க முடியாது.

ரெஜினா அக்கா தன் நோட்டை எடுத்தார். சர்ரென்று கிழித்தார்.

"ரிப்பேருக்கு வந்த ஸ்டவ் பத்திக்கலைன்னா இவன் ராத்திரிக்குத் தூங்க மாட்டான் சார். இவனை நம்பாம யாரை நம்பறது?"

மச்சான் தன் நோட்டைத் தொடவில்லை. வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம் அது.

"நஷ்டமானா எனக்கு என்ன மிஞ்சும்?"

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் மிஞ்சாது மச்சான்."

அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "பங்குதாரர்னா கடைக்குள்ள வந்து கணக்கைப் பாக்கலாமா?"

"பார்க்கலாம்."

"இவனைத் திட்டலாமா?"

"அது உங்க இஷ்டா."

அடுத்த நொடி இரண்டாவது நோட்டும் கிழிந்தது.

கடை திறந்து ஒரு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சான் நேரே கடைக்குத்தான் வருகிறார். நான் அடுக்கியதைக் கலைத்து அடுக்குகிறார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒன்று கவனித்தேன்... கடன் கொடுத்தவர் வந்தால், 'எப்போது தருவாய்?' என்பார். பங்கு போட்டவர், 'இன்று எத்தனை விற்றது?' என்கிறார். முதல் கேள்விக்கு ஒளியத் தோன்றும். இரண்டாவதற்கு இன்னும் ஒரு ஸ்டவ் விற்கத் தோன்றுகிறது.

கவலை போய்விட்டதா? எங்கே போகும்! அதையும் கூட்டிக்கொண்டுதான் காலையில் கடை திறக்கிறேன். கடையை இழுத்து மூடுவதாக மட்டும் இல்லை.

நேற்று முதல் தவணை ஐம்பது ரூபாய் கட்டினேன். சர்க்காருக்கு இன்னும் பாக்கி — ஆயிரத்து நானூற்றைம்பது.