கோடு தெரிகிறதா

நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பேன். படிவத்தில் "சொந்தமா, அசலா?" என்று ஒரு கேள்வி உண்டு. மாமன் மகனைக் கட்டியவர்கள் சொந்தம் என்று சொன்னால் மனதுக்குள் உச்சுக் கொட்டுவேன். என் கல்யாணம் அசல், சொந்தத்துக்கு வெளியே. நான் ஆத்தூர், அவர் பரமத்தி வேலூர். நமக்கெல்லாம் வராது என்ற திமிர் எனக்கு இருந்தது.

நான் கர்ப்பமான பதினோராவது வாரத்தில் என் ரத்தத்தை நானே மெஷினில் வைத்தேன். வரைபடத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மேடு. குழாய் மாறியிருக்கும் என்று மறுபடி குத்தி எடுத்து வைத்தேன். அதே மேடு. என் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய பாதி, ரத்த அணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் வகை. பாதி இருந்தால் எனக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அவருக்கும் அப்படி இருந்துவிட்டால், பிள்ளைக்கு நோயே வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்த குழந்தைகள் கை கால் வலியில் துடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அவரை வரச் சொன்னேன். சும்மா ஒரு டெஸ்ட் என்றுதான் சொல்லியிருந்தேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து பெயிண்ட் கையோடு வந்து உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நான், அவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

மெஷினில் வேறு ரத்தங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கைச்சோதனை செய்தேன். கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு ஐந்து நிமிடம் கழித்து, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். நல்ல ரத்தம் என்றால் கரைசல் தெளிவாக இருக்கும், கோடு தெரியும். அரிவாள் செல் இருந்தால் கலங்கி மறைத்துவிடும்.

அவரும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். போன மாதம் குளியலறை வாசலில் நின்று, கர்ப்பம் பார்க்கும் பட்டையில் ரெண்டு கோடு வருகிறதா என்று பார்த்த அதே ஆவல்.

"கோடே காணமே கண்ணு," என்று சிரித்தார். "அப்ப ஒண்ணுமில்லதானே?"

"இல்லீங்க," என்றேன். "இதுல கோடு தெரியோணுங்க."