நாலாவது அறை

மயிலாப்பூரில் டிராம் நிற்கும் இடத்துப் பலகாரக் கடைக்காக நாலு அறைத் தகர டப்பா ஒன்றை வரைந்து செய்வித்தேன். அல்வாவின் ஈரம் பட்டு முறுக்கு நமுத்துப்போனால் எனக்குப் பொறுக்காது. சோதனைக்காக அல்வா, முறுக்கு, ஊறுகாய் என்று மூன்று அறைகளை நிரப்பினேன். நாலாவதைக் காலியாகவே விட்டு, எல்லா மூடிகளையும் மெழுகால் அடைத்தேன்.

அமாவாசையன்று தர்ப்பணம் முடிந்ததும் மனைவி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். "ஏன்னா, நாலாவது நெறஞ்சிருக்கு" என்றாள். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'நிறைந்திருக்கிறது' என்பார்கள். அந்தப் பேச்சுதான் என்று நினைத்து மற்ற மூன்றையும் திறந்தேன். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. ஒன்றின் வாசனை ஒன்றில் ஏறவில்லை.

கர்வத்தோடு நாலாவதன் மெழுகையும் சுரண்டினேன். அடுப்பில் இன்னும் உலைகூட வைக்கவில்லை. சுடுசோற்றின் ஆவி என் முகத்தில் அடித்தது.

அரிசி களைய உட்கார்ந்திருந்தவள் நிமிரவில்லை. "அதான் சொன்னேனே, நெறஞ்சிருக்குன்னு."