வடிகட்டாத சாயம்

எங்கள் லேபில் அவளைச் சாயக்காரி என்றால்தான் தெரியும். இருபது வருடம் ரத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் போட்டு நகமெல்லாம் ஊதா. வாயும் லேசுப்பட்டதல்ல. ரிப்போர்ட் கேட்டு என் கவுண்டரில் எகிறுகிறவர்களை உள்ளே இருந்தபடியே அடக்கிவிடுவாள்.

போன வருடம் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். ஸ்லைடைக் கொடுத்தால் படம் பிடித்து, ரத்த அணுவில் மலேரியா கிருமி இருந்தால் சிவப்பு வட்டம் போடும். "இனிமே நீ உத்து உத்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்" என்றார். அவளும் பெரும்பாலும் விட்டுவிட்டாள். ஒரு வேலையை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் சாயத்தை வடிகட்டுவாள். இல்லாவிட்டால் சாயத்தூள் அணுவின் மேல் ஒட்டிக்கொண்டு கிருமி மாதிரியே தெரியும். மைக்ராஸ்கோப்பைத் திருகிப் பார்க்கிற ஆளுக்குத் தூள் அணுவுக்கு மேலே நிற்பது புரிந்துவிடும். ஒரே படத்தை வைத்துச் சொல்கிற கம்ப்யூட்டருக்குப் புரியாது.

காய்ச்சல்காரர்கள் அலைமோதிய ஒரு திங்கட்கிழமை அவள் வடிகட்டவில்லை. பன்னிரண்டு பேருக்கு மலேரியா என்றது கம்ப்யூட்டர். அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டியவன் நான்தான்.

வியாழக்கிழமை ஒரு லாரி டிரைவர் கடப்பாரையோடு வந்தான். மலேரியா மருந்து சாப்பிட்ட அவன் மனைவி அன்று விடியும்போது செத்துப்போயிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், இது மலேரியாவே இல்லை, வீணாக நாளைக் கடத்திவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

கண்ணாடிக் கதவு நொறுங்கியது. கம்ப்யூட்டர் பிளந்தது. முதலாளி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சாயக்காரியின் தலைமுடியைப் பிடித்து, அவள் முகத்தைச் சுவரில் இரண்டு முறை மோதினான். மூக்கு உடைந்து வெள்ளைக் கோட்டெல்லாம் ரத்தம். அவள் தடுக்கக்கூட இல்லை. ஸ்லைடு பெட்டியை நோக்கி அவன் கடப்பாரையை ஓங்கியபோதுதான் ஓடிப்போய் அதன்மேல் கவிழ்ந்தாள். அடி இடது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"என்னை அடிங்க. பெட்டியை விட்ருங்க. உங்க பொண்ணோட ஸ்லைடும் இதுலதான் இருக்கு."

அவனுடைய ஆறு வயது மகளுக்கும் அதே திங்கட்கிழமை அதே ரிப்போர்ட்தான் கொடுத்திருந்தோம். மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவளுக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னொரு கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒற்றைக் கையால் திருகினாள். மூக்கிலிருந்து ரத்தம் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவள் பின்னாலேயே நின்றான்.

"அத்தனையும் சாயத்தூளுங்க. பாப்பாவுக்கு மலேரியா இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வெளிய வா. இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. நான் பார்த்துச் சொல்றேன், நீ போன் போடு."

பத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடச் சொல்லி முதலாளி அவள் படுத்திருந்த வார்டுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆள் போன கையோடு போலீஸ்காரர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அடிச்சது யாருன்னு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி நான் செஞ்சதை எழுதிக்குங்க."