ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்

டப். அவ்வளவுதான் சத்தம். விலை உயர்ந்த காரின் கதவு அப்படித்தான் மூடிக்கொள்ளும், தலையணையை அமுக்கியதுபோல. வண்டி கழுவுகிற எங்கள் கொட்டகைக்கும் ஷோரூமுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் வந்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. கோபமாக வந்திருக்கிறாரா என்பது மட்டும் கதவைச் சாத்தும் விதத்தில் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் காரைத் திருப்திப்படுத்துவது சுலபம், காரில் வந்தவரைத் திருப்திப்படுத்துவதுதான் பாடு.

கொச்சியிலிருந்து களமசேரி போகிற வழியில், பெரிய கார்களை விற்கவும் பழுது பார்க்கவும் செய்கிற இடம் எங்களுடையது. எனக்கு இரவு ஷிஃப்ட். சாயங்காலம் சேருகிற வண்டிகளைக் கழுவித் துடைத்து, காலையில் சிலவற்றை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். என் வீடு மட்டாஞ்சேரியில் என்பதால் அந்தப் பக்கத்து வண்டிகள் என் தலையில். பகலில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை, ஏதாவது தெருவில் சுற்றிக்கொண்டிருப்பேன். இங்கிலீஷ் படித்தது காருக்குள் வைத்திருக்கும் கையேடுகளைப் பார்த்துத்தான். அதனால் ‘எச்சரிக்கை’ என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள் மட்டும் எனக்கு நன்றாக வரும்.

நீங்களும் ஏதாவது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் என்றால் இந்த மார்க் விவகாரம் புதிதாக இருக்காது. வண்டி வீட்டுக்குப் போனதும் கம்பெனியிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் போகும். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். பத்து என்றால் பாஸ். ஒன்பது என்றாலும் ஃபெயில்தான். அந்த எண் விழுவது வண்டியை வாங்கிவைத்து, குறை கேட்டு, திருப்பிக் கொடுக்கிற அட்வைசர் பெயரில். எங்களுக்கு அது ஷைனி. வைப்பீன் தீவுக்காரி, மலையாளி. என்னை அண்ணாச்சி என்பாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்க் தேறினால் பகல் ஷிஃப்ட்டில் முன்கவுண்டரிலேயே நிரந்தரம். தேறாவிட்டால் எங்கே போடுகிறார்களோ அங்கே. ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவேன் என்கிற சின்ன மகள் ஒருத்தி அவளுக்கு இருக்கிறாள். அதனால் பகல் வேலைதான் வேண்டும்.

வெள்ளம்

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். நல்ல மழைக்காலம். சாயங்காலம் ஷைனி அவருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், வண்டி தயார், வெள்ளம் முழுக்க நிறைத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவர் பதறிப்போய் எது வரைக்கும் என்று கேட்க, இவள் மேல்கோடு வரைக்கும் என்றிருக்கிறாள். அப்புறம் போனில் ஒரே சத்தம்.

தமிழ் ஆள் வேண்டும் என்று என்னைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். ஈரக்கையோடு போனை வாங்கி, கண்ணாடி துடைக்கிற தண்ணீரைத்தான் சொல்கிறார்கள், வண்டி மேட்டில் பத்திரமாக நிற்கிறது என்றேன். அவர் சொன்னார்: “தண்ணின்னு சொல்லுங்கய்யா. நான் இன்னொரு போன்ல இன்சூரன்ஸ்காரனையே கூப்பிட்டுட்டேன்.”

மணம்

இடக்கொச்சியில் இறால் வியாபாரம் செய்கிறவர் ஒருவர் வருவார். எழுபது லட்ச ரூபாய் வண்டி. உள்ளே உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு மீன் மார்க்கெட் என்று சொல்லிவிடலாம். உட்புறம் சுத்தம் செய்யச் சொன்னார். சீட்டைக் கழற்றி, விரிப்பை உரித்து, ஏதேதோ நுரை போட்டுத் தேய்த்தோம். ஷைனி ரெண்டு தடவை வந்து மூக்கை நுழைத்துப் பார்த்து, போதாது என்று திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை கார் புதுத்துணி மாதிரி மணத்தது.

காலையில் அவர் வந்து உட்கார்ந்தார். இழுத்து மூச்சு விட்டார். இறங்கி நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வேலையில் குறை சொல்லவில்லை, ஆனால் ஒன்பதுதான் போட்டார். அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்று ஷைனி கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “மணம் போயல்லோ மோளே. இனி ஞான் வந்தா வீட்டுல யாரு அறியும்?”

காப்பி

கட்டடக் கம்பெனி முதலாளி ஒருவர். அவருக்கு சோபா, மெஷின் காப்பி, பிஸ்கட். சிரித்துக்கொண்டே போனார். மார்க் வந்தது எட்டு. மேனேஜருக்கு நம்பவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே குத்திவிட்டாரே என்று ஷைனியைக் கேட்டார். கடைசியில் பார்த்தால் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது அவருடைய டிரைவர் மாரியப்பனின் போன் நம்பர். தென்காசிக்காரர். முதலாளி உள்ளே இருந்த நேரமெல்லாம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவர்.

அதற்கடுத்த தடவை டிரைவர்களுக்கும் பெஞ்சு வந்தது, சாயா வந்தது, வாழைப்பழ பஜ்ஜி, அதாவது பழம்பொரிகூட வந்தது. சாயங்காலம் நான் ஷிஃப்ட்டுக்கு வந்தபோது மாரியப்பன் சாயாவோடு கொட்டகைப் பக்கம் வந்து என்னிடம் சொன்னார்: “காப்பி குடிச்சது மொதலாளி, மார்க் கேட்டது என்கிட்ட. குடிக்காத காப்பிக்கு எட்டு போட்டதே ஜாஸ்திண்ணே.”

ஒண்ணு

இப்படி ஒன்பதும் எட்டும் விழுந்ததில் ஷைனியின் சராசரி விளிம்பில் நின்றது. இனி வருவதெல்லாம் பத்தாக இருக்கவேண்டும். வந்தவர் சிதம்பரம் முதலாளி. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மண்டி வைத்திருக்கிறவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த கார். அந்தச் சந்தில் நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும். ஏசியைப் போட்டால் தும்மல் வருகிறது என்பது அவர் புகார். ரெண்டு இடத்தில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஷைனி ஏசிக் குழாயைத் திறக்கச் சொன்னாள். ஒரு கைப்பிடி சுக்குத்தூள் கொட்டியது. எல்லாம் சுத்தம் செய்தபிறகு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏசியைப் போட்டு, தும்மல் வருகிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்தாள்.

காலையில் வண்டியை நான்தான் கொண்டுபோய் விட்டேன். போன் வரும், நல்லபடியாகச் சொல்லுங்கள் என்றேன். அதைக்கூடச் சொல்லித்தரணுமா என்றார். மார்க் வந்தது: ஒன்று. எங்கள் இடத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. ஷைனி திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிப் போகும்போது முதலாளி மண்டியிலிருந்து என்னைக் கை தட்டிக் கூப்பிட்டார். பின்னால் மூட்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் தரம் எழுதியிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: “அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு போட்டிருக்கேன் தம்பி. ஒண்ணாந்தரம். நான் லேசுல யாருக்கும் போடமாட்டேன்.”

பத்து

விஷயத்தைச் சொன்னதும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் என்னோடு கிளம்பிவிட்டார். ஷோரூம் சோபாவில் சுக்குத்தூளோடு உட்கார்ந்து, ஒண்ணு என்றால் என்ன என்று மேனேஜருக்கு விளக்கினார். பத்து என்று ஒரு தரம் இருந்தால் அது கூட்டித் தள்ளுகிற தூசிதான், அதைப் போய் ஒரு நல்ல பெண்ணுக்கு எப்படிப் போடுவது என்று கேட்டார். மேனேஜர் நல்ல மனிதர். சிரித்தார், பிறகு தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஒருமுறை சொன்ன எண்ணை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. ஷைனியை நிரந்தரம் செய்யவில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை. இரவுக் கொட்டகைக்கு, எங்களுக்கு மேற்பார்வையாக, மாற்றினார்கள். மகள் இப்போது ஷைனியின் மாமியாரோடு படுக்கிறாள். முதல் வாரம் அழுதாளாம். இப்போது அழுவதில்லை, அதுதான் ஷைனிக்குக் கஷ்டம்.

போன மாதம் சிதம்பரம் முதலாளியின் வண்டி மறுபடி வந்தது. கழுவ வைத்து, ஏசிக் குழாய்வரை பார்த்து அனுப்பியது ஷைனி. போன் வந்ததும் அவர் பத்து என்றிருக்கிறார். அது முன்கவுண்டரில் புதிதாக வந்திருக்கும் பையன் பெயரில் விழுந்தது. தெருவில் பார்த்தபோது முதலாளி சொன்னார்: “பத்துன்னு சொல்றப்ப நாக்கு கூசிச்சு தம்பி. அந்தப் பொண்ணுக்காகத்தான் சொன்னேன்.” அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

முதலாளி பத்து போட்டதை ஷைனியிடம் சொன்னேன். சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டாள். “போட்டே, விடு அண்ணாச்சி,” என்றாள். “அந்தப் பின்சீட்டுல ஒரு கறை இருக்கு. ஒண்ணு தொடச்சேக்கு.”

ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணத் தெரிந்தால் போதும் என்று இந்தத் தொழிலுக்கு வந்த எங்களுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு பின்சீட்டில் ஏறினேன்.