பாரிமுனை ஓட்டலில் நான் ஓடிய ஓட்டம்

2006ஆம் வருடம் என்று நினைக்கிறேன். தீபாவளி முடிந்து எங்கள் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்த நாட்கள். சென்னை பாரிமுனையில் ஒரு பழைய ஓட்டலில் நான் செய்த காரியத்தை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். முதல் பாதிக்கு நானே சிரிப்பேன்.

எங்களுக்குச் சாத்தூர் பக்கம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சீசன் நேரத்தில் லோடு லாரியோடு சென்னைக்குப் போய் வருவார். பட்டாசுப் பெட்டிகளைக் கடைகளில் இறக்கிக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டலில்தான் காலைப் பலகாரம். மற்ற புருஷன்மார் பட்டணம் போனால் சேலை வரும், வளையல் வரும். எனக்கு ஓட்டல் கதைதான் வரும். வெள்ளைப் பளிங்கு மேஜை, கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆன தேக்கு நாற்காலி, சுவரில் ஆள் உயரக் கண்ணாடிகள், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று பாதிக் கதவு போட்ட சின்ன அறை என்று சொல்லிக்கொண்டே போவார்.

அங்கே ஒரு சர்வர் உண்டாம். என்ன இருக்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் முழுப் பட்டியலையும் ஒப்பிப்பாராம். "இட்லி வடை பொங்கல் பூரி ரவா நெய் ரவா ஆனியன் ரவா அடை அவியல்..." என்று என் வீட்டுக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடித்துக் காட்டுவார். எனக்கு வயிறு வலிக்கும், சிரித்து. "அந்த ஒரு ஓட்டல் இல்ல. திருவல்லிக்கேணில மாடிப்படி ஏறிப் போற மெஸ் ஒண்ணு இருக்கு, மயிலாப்பூர்ல ஒரு காபிக் கடை இருக்கு. எல்லாத்துக்கும் ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். நானும் அந்த மேஜையில் உட்கார்ந்த மாதிரியே நினைத்துக்கொண்டு ரேஷன் அரிசியைப் பொங்குவேன்.

பிள்ளைகள் பிறந்த பிறகு லாரியை விட்டுவிட்டு, நான் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியிலேயே வெடிமருந்து செலுத்தும் வேலைக்கு வந்தார். நாங்கள் சென்னைக்குப் போவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனியில் ஒரு விபத்து. எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் ஓடு, யாரையும் பார்க்காதே, எதையும் எடுக்காதே. நான் அப்படித்தான் ஓடினேன். வேலிமுள்ளில் சேலை கிழிந்ததுகூடத் தெரியாமல் ரோட்டுக்கு வந்து நின்றேன். அவர் ஓடவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் சொன்னார்கள். இரண்டாவது சத்தம் அந்த மரத்துக்குப் பக்கத்து அறையில் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, இரண்டு காதும் போய்விட்டது. காதோரம் கத்தினால் கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான்.

காதோடு பேச்சும் போனது. நடிப்பு, கதை, ஓட்டல் எல்லாம் நின்றுபோனது. எனக்கு அந்தப் பேச்சுக்காக ஏக்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரு தடவையாவது காதோரம் போய், "எல்லாரும் ஓடயில நீங்க மட்டும் ஏன் மரம் கணக்கா நின்னீக?" என்று கேட்டுவிடுவேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், ஊர் டாக்டர்களைப் பார்த்தேன். கடைசியில்தான் சென்னை பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே பார்த்துவிட்டு, இனி இவ்வளவுதான், பழகிக்கொள்ளுங்கள் என்று நல்ல விதமாகவே சொன்னார்கள். வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஊருக்கு ரயில் சாயங்காலம்தான். "அந்த ஓட்டலுக்குப் போவமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் பிடிவாதக்காரி. இரண்டு பேரிடம் வழி கேட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். செருப்பு உரசினால் தீப்பிடிக்கும் என்று வெடிமருந்து இருக்கிற இடத்தில் வெறுங்காலோடு இருந்தே பழகியவள். கல்லாவில் இருந்தவர், "கோயில் இல்லம்மா, போட்டுக்கிட்டே வாங்க" என்றார். வெட்கத்தில் காது கேட்காத மாதிரி நானும் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சுவர்க் கண்ணாடியைப் பார்த்து உட்கார, நான் எதிரில்.

அதே சர்வர்தான் வந்தார். தலை நரைத்திருந்தது. மூச்சு விடாமல் ஒப்பித்தார். எத்தனையோ வருடம் கேட்க ஆசைப்பட்டது. ஆனால் என் வீட்டுக்காரர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையும் எட்டவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அவுகளுக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு நெய் ரவா குடுங்க" என்றேன்.

ரவா தோசை வந்து, இரண்டு வாய் வைத்திருப்பேன். உள்ளே சமையல்கட்டில் டமார் என்று ஒரு சத்தம். கட்டடமே அதிர்ந்த மாதிரி எனக்கு.

"ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். நாற்காலி விழுந்தது, சாம்பார் கொட்டியது. என் கத்தலைக் கேட்டு நாலைந்து பேர் எச்சில் கையோடு என் பின்னால் ஓடி வந்தார்கள். ரோட்டைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் போய்த்தான் நின்றேன். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால், அவர் இல்லை.

அவருக்குச் சத்தமே கேட்டிருக்காது. நான் சொல்லியிருக்க வேண்டும், கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். காது கேட்காத மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், கை நீட்டினால் எட்டும் தூரம். அந்த நிமிஷம் என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வண்டிகளைப் பார்க்காமல் திரும்ப ஓடினேன். வாசலில் சர்வர் நின்றார். "ஒண்ணுமில்லம்மா, அண்டா மூடி தோசைக்கல்லு மேல விழுந்துடுச்சு. பயந்துட்டீங்களா?" என்றார். என்னோடு ஓடி வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். "எந்த ஊரும்மா?" என்று சர்வர் கேட்டார். சொன்னேன். பட்டாசு வேலை என்றும் சொன்னேன். அவர் அந்த ஆளைப் பார்த்து, "அவங்க ஊர்ல அப்படித்தான் ஓடணும் சார். நீங்க போய் சாப்பிடுங்க, சூடா வேற வெக்கிறேன்" என்றார். ஓடி வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள்.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சர்வர் எங்கள் இருவரையும் அந்தப் பாதிக் கதவு அறைக்குக் கூட்டிப் போனார். கேட்காமலே வேறு தோசை வந்தது. அப்புறம் செய்ததைத்தான் மறக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிய, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பட்டியலைச் சொன்னார். இட்லி. வடை. பொங்கல். நாலாவதுக்கு வரும்போது என் வீட்டுக்காரர் வாய் தானாகத் திறந்தது. பூரி ரவா நெய் ரவா ஆனியன் ரவா என்று மூச்சு விடாமல் மிச்சத்தை அவரே ஒப்பித்து முடித்தார். தன் சத்தம் தனக்கே தெரியாததால் ஓட்டல் முழுக்கக் கேட்டது. சர்வர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. அவர் காதோரம் போய், "ஒங்கள விட்டுட்டு ஓடிட்டேனே" என்றேன்.

"கண்ணாடியில பாத்தேன்" என்றார். "சர்வரு அசையாம நின்னாரு, அதான் ஒண்ணுமில்லன்னு உக்காந்துட்டேன். நீ எம்புட்டு வேகமா ஓடுத." கொஞ்சம் தோசையைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. "அன்னைக்கு ஒன்னத்தான் தேடிக்கிட்டு நின்னேன். வெளிய போயிட்டியா, உள்ள இருக்கியான்னு தெரியல. இப்படி ஓடுவன்னு தெரிஞ்சிருந்தா நானும் ஓடிருப்பேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு நல்லது நடந்ததைப் போல, நிம்மதியாகத்தான் சொன்னார். இரண்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவ்வளவு நாளும் என் மேல் பழி விழக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்து அந்தத் தோசையைத் தின்று முடித்தேன். உப்பு உறைப்பு எதுவும் தெரியவில்லை.

அன்று ரயில் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தார். திருவல்லிக்கேணி மெஸ், மயிலாப்பூர் காபி எல்லாம் மறுபடி வந்தன. ஊருக்கு வந்ததும் பழையபடி அடங்கிவிட்டார். எத்தனையோ தடவை கூப்பிட்டேன், "இந்த சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடியும், வேறு ஏதாவது வரும். அந்த மற்ற ஓட்டல்களை நாங்கள் பார்க்கவே இல்லை. அது கிடக்கட்டும். எனக்கு அந்த ஒரே ஓட்டலுக்கு இன்னொரு தடவை போய், அவருக்கு எதிரில் உட்கார்ந்து, எது விழுந்தாலும் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஓட வேண்டும்.